கேமரனா, பினாங்கா, ஆயர் பானாஸா? ஐம்பதை ஒட்டிய மூன்று பேர் எங்கே போய் நன்றாகத் தூங்குவது

நாங்கள் மூன்று பேர். எனக்கு 52, மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அண்ணிக்கு 57, சீனி வியாதியும் இருக்கிறது, இரண்டு முட்டியும் வலி. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோழிக்கு 48, அவளுக்கு இன்னும் நிற்கவில்லை, ஆனால் ஒழுங்காகவும் வருவதில்லை, இரவில் இரண்டு மூன்று தடவை வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். கையில் நாலு நாள் விடுப்பு, ஆளுக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் இல்லாமல் நாங்கள் மட்டும். எங்கே போவது என்று மூன்று வாரமாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படங்களாக வந்து குவிந்தன, முடிவு மட்டும் வரவில்லை.

படத்தைப் பார்த்து இடம் தேடினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் கேள்வியை மாற்றினேன். இரவில் உன்னை எழுப்புவது எது? வியர்வையா, முட்டியா, சிறுநீர் முடுக்குவதா, இல்லை நாளைக்கு என்ன சமைப்பது என்ற நினைப்பா? அதைச் சொல், இடத்தை அப்புறம் பார்க்கலாம் என்றேன். இந்த வயதில் நமக்கு வேண்டியது தூக்கம், மற்றது எல்லாம் அதற்குப் பிறகு. நாலு இரவு விட்டு விட்டுத் தூங்கிவிட்டு எத்தனை அழகான கடற்கரையைப் பார்த்து வந்தாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது உடம்பு அதே உடம்பாகத்தான் இருக்கும்.

சமையலை ஏன் சேர்த்தேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் பினாங்கில் ஒரு வாடகை அடுக்குமாடி வீட்டில் தங்கினோம். கடல் தெரியும் பால்கனி, மூன்று அறை, விலையும் பரவாயில்லை. ஆனால் அடுப்பு இருந்தது. முதல் நாள் காலையிலேயே அண்ணி எழுந்து ரசத்துக்குப் புளி ஊறவைத்துவிட்டார், நான் வெங்காயம் நறுக்கினேன், மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் செந்தூல் வீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உறைத்தது. அடுப்பைக் கண்டால் நம் கை சும்மா இருக்காது. இந்த முறை எந்த ஊராக இருந்தாலும் சமையலறை இல்லாத அறை, காலைப் பசியாறலுக்கு நடந்து போகும் தூரத்தில் கடை, இது என் முதல் நிபந்தனை.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஆயர் பானாஸ், அதாவது வெந்நீர் ஊற்று, அண்ணியின் ஆசை. பேராக்கில் சுங்காய் பக்கம் இருக்கும் சுங்கை கிளாவைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போதும், முட்டை வேகும் அளவுக்குக் கொதிக்கிற ஊற்று, அதை வெவ்வேறு சூட்டுக்கு ஆற்றி விட்டிருக்கும் குளங்கள். முட்டி வலிக்கு வெந்நீர் இதம் என்பது உண்மைதான். வெந்நீரில் தசை தளர்கிறது, தண்ணீரே உடம்பைத் தாங்குவதால் முட்டியில் பாரமும் குறைகிறது, அரை மணி நேரம் கழித்து நடக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஆனால் இதே வெந்நீர் என் தோழிக்கு ஆகாது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, மூளையில் உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் பகுதி மிகவும் நுணுக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. முன்பெல்லாம் சூடு கொஞ்சம் கூடினால் கண்டுகொள்ளாது. இப்போது அரை டிகிரி கூடினாலும் பெரிய ஆபத்து என்று நினைத்துத் தோலுக்கு இரத்தத்தைத் தள்ளி, வியர்வையைக் கொட்டி, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. அப்படிப்பட்ட உடம்பைக் கொண்டுபோய் 40 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் உண்டு. 49 வயதில் ஓர் ஆயர் பானாஸில் கழுத்தளவு தண்ணீரில் இருபது நிமிடம் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன், கண் இருட்டியது, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு முழுக்க அலை அலையாகச் சூடு வந்தது.

அண்ணிக்கும் இதில் ஒரு கவனம் தேவை. நீண்ட நாள் சீனி வியாதி இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம், அப்போது தண்ணீர் எவ்வளவு சூடு என்று கால் சொல்லாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். எந்தக் குளமாக இருந்தாலும் முதலில் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழக் கூடாது. ஆக, முட்டி மட்டும்தான் பிரச்சினை, வியர்வை இல்லை என்றால் ஆயர் பானாஸ் நல்ல தேர்வு, அதுவும் ஒரே நாளில் போய் வந்துவிடலாம், நாலு நாள் எதற்கு? மூன்று பேரில் இரண்டு பேருக்கு வியர்வை இருக்கும்போது இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பினாங்குக்கு என் தோழி ஓட்டுப் போட்டாள். பினாங்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, என் அம்மா பிறந்த ஊர். போகிற வழி அவ்வளவு சுகம்: கே.எல். சென்ட்ரலில் ஈ.டி.எஸ். விரைவு இரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து கால் மணி நேரம் ஃபெரி. இரயிலில் கழிப்பறை இருக்கிறது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் சிறுநீர் வந்தால் அடக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட எத்தனையோ பெண்கள் அதனாலேயே பயணத்தையே விட்டுவிடுகிறார்கள், வெளியே சொல்வதில்லை. பேருந்தில் வேண்டியபோது நிறுத்தச் சொல்ல முடியாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும். அது தலைவலியிலும் மலச்சிக்கலிலும்தான் போய் முடியும். உங்களை எழுப்புவது சிறுநீர்தான் என்றால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இரயில் போகும் ஊருக்குப் போங்கள்.

பினாங்கில் மனசு நிறையும். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம், லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையும் பலகாரக் கடையும் பக்கத்துப் பக்கத்தில், சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் காலை ஏழு மணிக்கு நடந்தால் மர நிழலிலேயே ஒரு சுற்று வரலாம். ஆனால் எட்டரைக்கு மேல் வெயில். ஒன்பதரைக்கு நம் ஊரில் எப்படியோ அங்கேயும் அப்படித்தான், தோல் பிசுபிசுக்கும், என் தோழி விசிறியைத் தேடுவாள். கடல் ஓரம் என்றால் குளிர்ச்சி என்று நினைக்கிறோம், இரவிலும் அங்கே 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு.

அப்புறம் முட்டி. தண்ணீர்மலை முருகனைப் பார்க்காமல் திரும்ப அண்ணிக்கு மனம் ஒப்பாது. அங்கே 513 படிகள், பத்துமலையில் 272. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டியை வதைப்பது இறங்குவதுதான், ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் முட்டிச் சில்லின்மேல் விழுகிறது. அண்ணி ஏறிவிடுவார், வைராக்கியம் உள்ளவர், அடுத்த இரண்டு நாள் அறையிலேயே கிடப்பார்.

கொடிமலை வேறு கதை. 1923இலிருந்து மேலே இழுத்துப்போகும் இரயில் இருக்கிறது, 2011இல் புதிதாக மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்தபடியே ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு, அப்படிப் பார்த்தால் கொடிமலை மேலே கீழே இருப்பதைவிட நாலரை டிகிரி குளிர்ச்சி. அங்கே போய் நிற்கும்போது தோழியின் முகமே மாறும், எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் இறங்கிவிட வேண்டும், தூங்கப்போவது கீழேதான்.

பினாங்கு என்றதும் உறவினர் ஒருவர், அப்படியே அங்கே தனியார் மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இரண்டு வேலையும் ஒரே செலவில் முடியும் என்றார். நான் கடுமையாக எதிர்த்தேன். என் அலுவலகத் தோழி ஒருத்தி அப்படிச் செய்தாள். இரண்டாம் நாளே, மார்பகப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும் வாருங்கள் என்று அழைத்துவிட்டார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த இரண்டு இரவும் அவள் கண் மூடவில்லை. பரிசோதனையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இங்கேயே முடித்துவிட வேண்டும். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார நிலையத்தில்) ஒரு வெள்ளி கொடுத்து இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு பார்க்கலாம். தைராய்டையும் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் தைராய்டு கூடினாலும் இதே வியர்வை, இதே படபடப்பு, இதே தூக்கமின்மை. என் தோழிக்கு மாதம் இருபது நாள் இரத்தப்போக்கு என்பதால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னேன், குறைவாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள். அவள் இத்தனை நாள் வயதாகிவிட்டது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று, மாதவிடாய் முழுதாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதில் தாமதம் கூடவே கூடாது.

கேரளா என்று ஒரு பேச்சு வந்தது, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலை மாதிரி 1902இலிருந்து நடக்கும் இடங்கள் இருக்கின்றன, கொச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம்தான். ஆனால் பஞ்சகர்மா என்கிற, உடம்பைச் சுத்தப்படுத்தும் ஆயுர்வேதச் சிகிச்சை நாலு நாள் விஷயமே இல்லை. முறையாகச் செய்தால் 14 நாள், 21 நாள், எண்ணெய், தாரா (எண்ணெயைத் தாரையாக ஊற்றுவது), பத்தியம், ஓய்வு என்று ஒவ்வொரு கட்டமாகப் போகும், அங்கே அதற்குச் சிறந்த காலமாகக் கருதுவது மழை பெய்யும் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி. மூன்று நாள் பஞ்சகர்மா என்று விற்பதெல்லாம் எண்ணெய் மசாஜ்தான், அதற்கு விமானம் ஏற வேண்டாம். திரும்பும்போது பை நிறைய லேகியமும் மாத்திரையும் வாங்கி வருவதிலும் எனக்குப் பயம் உண்டு. 2008இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. எலும்பு தேயும் வயதில் ஈயம் உள்ளே போவது நல்லதில்லை. இங்கே வாங்குவதாக இருந்தாலும் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலை ஓய்வு பெற்ற பிறகு, மூன்று வாரம் கையில் இருக்கும்போது கேரளாவுக்குப் போகலாம், நானே போவேன்.

இனி கேமரன் மலை. நான் இதற்குத்தான் சாய்கிறேன், ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே நாங்கள் தங்க நினைக்கும் ஊரான தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். முன்னே சொன்ன கணக்குப்படி நம்மைவிட ஒன்பது டிகிரி குளிர்ச்சி. பகலில் 25ஐத் தாண்டுவதே அபூர்வம், இரவில் 15, 16 வரை இறங்கும். போன வருடம் என் தங்கையோடு ஓர் இரவு அங்கே தங்கினேன். சுமாரான அறைதான், மின்விசிறிகூட இல்லை, மரச் சட்டம் வைத்த சன்னல், கம்பளி கொஞ்சம் பழைய வாசனை அடித்தது. பழக்கப்படி மூன்று மணிக்கு விழித்தேன், கழுத்தடியில் சூடு கிளம்புவது தெரிந்தது. எழுந்து சன்னலை ஒரு சாண் திறந்தேன். ஈரமண் வாசனையோடு காற்று உள்ளே வந்து முகத்தில் பட்டது, வந்த சூடு நெஞ்சு வரைகூட இறங்காமல் அடங்கிவிட்டது. நைட்டி நனையவில்லை, விரிப்பை மாற்றவில்லை, விளக்கைப் போடவில்லை. மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தவள் ஏழரைக்குத்தான் கண் விழித்தேன். இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியது அன்றுதான்.

வீட்டில் ஏர்கான் போட்டால் இதே குளிர்ச்சி கிடைக்காதா என்று என் தம்பி கேட்டான். இரவுக்கு ஓரளவு கிடைக்கும், பக்கத்தில் படுப்பவருக்குக் குளிர்கிறது என்று பாதி இரவில் அணையாமல் இருந்தால். ஆனால் பகலுக்கு என்ன செய்வது? கோலாலம்பூரில் பத்து மணிக்குமேல் நடக்க முடியாது, மாலில்தான் நடக்க வேண்டும். தானா ராத்தாவில் பதினொரு மணிக்கும் நடக்கலாம். நமக்கு நடை வெறும் பொழுதுபோக்கும் இல்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஏழு வருடங்களில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது, சிலருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும், உடம்பின் பாரத்தைக் காலில் தாங்கி நடக்கும் நடைதான் எலும்புக்கு வேலை கொடுக்கும். நீச்சல் மூட்டுக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாக உதவாது. பகலில் ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் நடந்தவருக்கு இரவில் தூக்கமும் சீக்கிரம் வரும்.

முட்டிக்கு? தானா ராத்தா கடைத்தெரு பெரும்பாலும் ஒரே நீளமான சாலை, படிகள் குறைவு. பாரிட் அருவிப் பக்கம் அண்ணியால் முடிந்த அளவு போய்த் திரும்பலாம். காட்டுப் பாதைகளில் ஆழமாகப் போக வேண்டாம், மழைக்குப் பிறகு சேறு வழுக்கும், வழியும் தவறும். 1967இல் தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் நடக்கப்போனவர் திரும்பவே இல்லை என்பது அந்த மலையில் இன்றும் பேசப்படுகிற கதை. ஒரு நாள் பக்கத்து ஊரான பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கு வண்டியில் போய் வரலாம், அண்ணிக்கு அது போதும் என்று நினைக்கிறேன். தேயிலைத் தோட்டம் கட்டாயம். போ (BOH) தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது, அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள், என் அப்பாயியும் வேறு தோட்டத்தில் கூடை சுமந்தவர்தான். அங்கே உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்கும்போது எனக்கு நெஞ்சில் ஏதோ அடைக்கும். ஆனால் மத்தியானம் மூன்றுக்குள் குடித்துவிடுங்கள், அதற்குமேல் தேநீர் குடித்தால் தூக்கம் கெடும், சூடான பானமும் காரமும் சிலருக்கு வியர்வையையும் கிளப்பும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாப்பா வழிச் சாலை வளைவு வளைவாக ஏறும், வாந்தி வருகிறவர்களுக்குக் கொடுமை. சிம்பாங் பூலாய் வழி தூரம் கூடுதல், ஆனால் சாலை அகலம், வளைவு குறைவு. இரயில் கிடையாது, அதனால் கழிப்பறைப் பிரச்சினை உள்ளவர்கள் சொந்தக் காரில் போய், நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முன் ஓய்வுப் பகுதியில் ஒருமுறை நிறுத்த வேண்டும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் பிரிஞ்சாங்கிலிருந்து கீ பார்ம் வரை வண்டி நகராது, அங்கே போய் நெரிசலில் உட்காருவதற்கு வீட்டிலேயே இருக்கலாம். மழை ஈரத்தில் சில அறைகளில் பூஞ்சை வாசனை இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அறையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குளிரில் மூட்டு இறுகும் என்று அண்ணி சொன்னது நியாயம்தான், காலையில் வெந்நீரில் குளித்துவிட்டு மெதுவாகத்தான் கிளம்ப வேண்டும்.

ஒன்றை என் தோழியிடம் நேராகவே சொன்னேன். மலையில் வியர்வை அடங்கும், இறங்கி வந்தால் திரும்ப வரும். அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில் பாதிப் பேருக்கு இந்தச் சூட்டு அலைகள் 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தன. அவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேள் என்றேன். 2002இல் வந்த ஆய்வுக்குப் பிறகு நம் வயதுப் பெண்களும் மருத்துவர்களும் அதைக் கண்டு பயந்துபோனார்கள். இப்போதைய மருத்துவ நிலைப்பாடு, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் இருக்கும், மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ வந்திராத பெண்களில் பெரும்பாலோருக்கு அதன் நன்மை ஆபத்தைவிட அதிகம் என்பதுதான். வேண்டாம் என்றால் வேறு மருந்துகளும் உண்டு. அவள் அடுத்த வாரம் போகிறாள்.

போகவே முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், லீவு கிடைக்காத வேலை என்று இருப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸ் போங்கள். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் பல உண்டு. நான் போகும் இடத்தில் ஓர் அம்மா, தோளில் கை வைக்கும் முன்னமே சீனி இருக்கா, இரத்த அழுத்தம் இருக்கா, எலும்பு தேய்மானம் சொன்னாங்களா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஓர் இடத்தில் கட்டைவிரலை நிறுத்தி, இந்தப் பக்கம்தான் பை மாட்டுறீங்க என்பார். உண்மைதான், இருபது வருடமாக இடது தோளில்தான் மாட்டுகிறேன். ஒரு மணி நேரம் யாரும் அம்மா என்று கூப்பிடாத இடம், எழுந்து போய் லிட்டில் இந்தியாவில் ஒரு மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நாங்கள் தானா ராத்தாவில் அறை போட்டுவிட்டோம். செவ்வாய் போய் வெள்ளி காலை இறங்குகிறோம், பள்ளி விடுமுறை இல்லாத வாரம், தரைத்தளம், அடுப்பு இல்லை, இரண்டு கட்டில் ஓர் அறையிலும் தோழிக்கு மட்டும் சன்னல் ஓரக் கட்டில் உள்ள தனி அறையும். திரும்பும் வழியில் அண்ணிக்காக சுங்காயில் இறங்கி ஆயர் பானாஸில் பத்து நிமிடம் கால் நனைப்பது, நாங்கள் இருவரும் நிழலில் உட்கார்ந்து முட்டை வேகவைப்பது. அண்ணி இப்போதே வளைவுகளுக்குப் பயப்படுகிறார், அதனால் ஏறுவது சிம்பாங் பூலாய் வழியாகத்தான், முன் இருக்கை அவருக்கு. அவர் பையில் இஞ்சி மிட்டாய் வைத்தாயிற்று. புளி வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.